பரணில் உறைந்த தண்ணீர்: ஒரு சின்ன வரலாறு

ரொம்ப நாளாக எழுதணும்னு நினைத்து, ஒவ்வொரு தடவையும் தள்ளிப் போட்ட பதிவு இது. டிசம்பர் வந்தால் ஞாபகம் வரும், மார்ச் வந்தால் மறந்து போகும். அந்த மறதியைப் பற்றித்தான் இந்தப் பதிவே. அதனால் இந்தத் தடவை விடாப்பிடியாக உட்கார்ந்து எழுதிவிட்டேன். கொஞ்சம் நீளம். காபி எடுத்துக்கொண்டு வந்து படியுங்கள்.

நான் இருப்பது அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலம், டாலஸ் நகரத்துக்குப் பக்கத்தில். "டெக்சஸா? அங்கே ஏதுய்யா குளிர்?" என்று கேட்பீர்கள். வீடு வாங்கும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன். வெயில் காலத்தில் நம்ம வேலூரைத் தோற்கடிக்கிற ஊர். ஏசி எத்தனை டன் என்று மூன்று தடவை கேட்டேன். தண்ணீர் பைப் எந்த வழியாகப் போகிறது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

2021 பிப்ரவரி. ஞாயிற்றுக்கிழமை பனி கொட்ட ஆரம்பித்தது. ஊரிலிருந்து அம்மா போன் பண்ணி, "எதுக்கும் இருக்கிற சாமான்ல எல்லாம் தண்ணி பிடிச்சு வைடா"ன்னு சொன்னாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற தெருவில் குடித்தனம் நடத்தினவள், அவளுக்கு எல்லாப் பிரச்சினைக்கும் அதுதான் முதல் வைத்தியம். "அம்மா, இது அமெரிக்கா"ன்னு சிரித்தேன். அவள் மனசுக்காக ரெண்டு பக்கெட்டும் பெரிய குக்கரும் நிரப்பி வைத்தேன்.

பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல். அன்று சாயங்காலம் வேலிப் பக்கம் நின்று ஒரு விஷயம் சொன்னார். "கரண்ட் போனால் மெயின் வால்வை மூடிவிட்டு, எல்லாக் குழாயையும் திறந்து தண்ணீரை வடித்துவிடு. யோசிக்காதே." நான் தலையாட்டினேன். உள்ளே வந்து, டிவியில் சொன்ன மாதிரி சமையலறைக் குழாயை மட்டும் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

திங்கள் விடிகாலை கரண்ட் போனது. செவ்வாய் காலையில் டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 டிகிரி பாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். 1949-க்கு அப்புறம் இந்த ஊர் பார்க்காத குளிர். நாங்கள் மூன்று பேரும் ஹாலில் கணப்படுப்புக்கு முன்னால் ஒரே படுக்கையில் சுருண்டு கிடந்தோம். புதன்கிழமை கரண்ட் வந்தது. ஒரு பாத்ரூமில் மட்டும் தண்ணீர் வரவில்லை. "சரி, உறைந்திருக்கும், தானாக இளகும்"னு விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வெயில் வந்தது. மத்தியானம் என் மகளின் ரூமில் ஆற்றில் மதகு திறந்த மாதிரி ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் கூரைப் பலகை ஊறி, அப்படியே பிய்ந்து, அதன் மேலே இருந்த பஞ்சும் தண்ணீரும் அவள் கட்டில் மேல் விழுந்து கிடக்கிறது. நல்லவேளை, அவள் ஹாலில் விளையாடிக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு ஆறு வயசு. மதியம் தூங்குகிற வழக்கத்தை விட்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தப் பெரியவர்தான் ஒரு நீளமான இரும்புச் சாவியை எடுத்துக்கொண்டு வந்து, புல்தரையில் இருந்த மீட்டர் பெட்டி மூடியைத் திறந்து, ஒரே திருப்பில் தண்ணீரை நிறுத்தினார். அவர் வீட்டில் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"1983," என்றார். அவ்வளவுதான்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்கு ஆச்சரியமாக இருந்த விஷயங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பீரங்கிக் குண்டை உடைத்த தண்ணீர்

கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி ஃபிரீசரில் வைத்தால் உடையும். இது எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் ஒரு விசித்திரமான பிறவி. மற்றவை பெரும்பாலும் குளிரக் குளிரச் சுருங்கும். தண்ணீரும் 4 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சுருங்கும். அதற்கப்புறம் மனசு மாறி விரிய ஆரம்பிக்கும். ஐஸ் ஆகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெரிசாகிவிடும்.

இதை அறிவியலாளர்கள் 17-ம் நூற்றாண்டிலேயே விளையாட்டாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்தில் 1657-ல் ஆரம்பித்த ஒரு அறிவியல் கழகத்தில், உலோக உருண்டைக்குள் தண்ணீரை அடைத்து, ஐஸும் உப்பும் கலந்து அதைச் சுற்றி வைத்து உறைய வைத்தார்கள். உருண்டை பிளந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் பாயில், அதாவது நாம் பிளஸ் டூவில் படித்த அதே பாயில் விதிக்காரர், 1665-ல் குளிரைப் பற்றி மட்டுமே தனியாக ஒரு தடிமனான புத்தகம் போட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கனடாக் கதை. 1780-களில் கியூபெக்கில் இருந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரி மேஜர் எட்வர்ட் வில்லியம்ஸ், வெறும் இரும்பு வெடிகுண்டுக் கூடுகளில் தண்ணீரை நிரப்பி, வாயை இரும்பு அடைப்பால் அறைந்து மூடி, இரவில் வெளியே வைத்துவிட்டார். சில கூடுகளில் அடைப்பு பிய்த்துக்கொண்டு பறந்து போய் விழுந்தது, ஒரு தடவை 400 அடிக்கும் மேல். அடைப்பு அசையாமல் நின்ற இடத்தில் கூடே பிளந்து, பிளவு வழியாக ஐஸ் பிதுங்கி நின்றது. மருந்து இல்லை, நெருப்பு இல்லை, வெறும் தண்ணீர்.

வெடிகுண்டுக் கூட்டுக்கே இந்த கதி என்றால் அரை அங்குலச் செப்புக் குழாய் எம்மாத்திரம்?

போர்வைக்கு வெளியே நீட்டின கால்

குளிர்நாடுகளில் தண்ணீர் வீட்டுக்கு வெளியே இருந்த வரைக்கும் இது பெரிய பிரச்சினை இல்லை. கிணறு இருந்தது, வாளி இருந்தது. மேலே ஐஸ் கட்டினால் உடைத்துவிட்டு இறைத்துக்கொள்ளலாம். முற்றத்துக் கைப்பம்பு உறையாமல் இருக்க வைக்கோல் சுற்றிக் கட்டுவார்கள்.

அப்புறம் நகரங்களுக்குக் குழாய் வந்தது. லண்டனில் 1613-ல் நியூ ரிவர் என்ற கால்வாய் திறந்து, அதிலிருந்து எல்ம் மரத்தைக் குடைந்த குழாய்கள் வழியாகத் தெருக்களுக்குத் தண்ணீர் விட்டார்கள். அமெரிக்காவில் நியூயார்க்கில் 1799-லும் பிலடெல்பியாவில் 1801-லும் இதே மாதிரி மரக்குழாய்தான். மரம் குளிரைச் சீக்கிரம் கடத்தாது. ஆனால் அழுத்தம் தாங்காது, சீக்கிரம் உளுத்துப் போகும். அதனால் இரும்பு வந்தது, வீட்டுக்குள்ளே ஈயக்குழாய் வந்தது. ரெண்டும் குளிரை நன்றாகக் கடத்துகிறவை.

இதற்கு முதல் விடை ஆழம். பூமி ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே உறையாது. அந்தக் கோட்டுக்குக் கீழே புதைத்தால் பிழைத்தோம். இன்றைக்கு இங்கிலாந்தில் வீட்டு இணைப்புக் குழாயைக் குறைந்தது 750 மில்லிமீட்டர், அதாவது ரெண்டரை அடி ஆழத்தில் போடணும்னு விதி. அமெரிக்காவின் வடக்கே மினசோட்டா மாதிரி இடங்களில் தெருக்குழாயை 7, 8 அடி ஆழத்தில் புதைக்கிறார்கள். அந்தப் பாடத்தைப் படிக்கக் கொடுத்த விலையும் இருக்கிறது. 1895 பிப்ரவரியில் வந்த பெருங்குளிரில் லண்டனில் ஆழமில்லாமல் போட்டிருந்த குழாய்கள் உறைந்துபோய், ஜனங்கள் தெருமுனைக் குழாயில் வாளியோடு வரிசையில் நின்றார்கள். நம்ம ஊர் மே மாசக் காட்சி, அங்கே பிப்ரவரியில்.

சரி, மண்ணுக்குள்ளே ஆழமாகப் போட்டாயிற்று. வீட்டுக்குள்ளே அடுப்பு எரிகிறது, கதகதப்பு. அப்புறம் எங்கே பிரச்சினை? ரெண்டுக்கும் நடுவில். பரண், கராஜ், தரைக்கடியில் இருக்கிற குழி, வெளிச்சுவர். இவை வீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும், ஆனால் சூடு கிடையாது. வீட்டுக்கு ஒரு போர்வை போர்த்தியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போர்வைக்கு வெளியே நீட்டின கால்தான் இந்த இடமெல்லாம்.

இதில் இங்கிலாந்துக் கதை ரொம்ப சுவாரசியம். 19-ம் நூற்றாண்டில் லண்டன் தண்ணீர்க் கம்பெனிகள் நாள் முழுக்கத் தண்ணீர் விடவில்லை. கொஞ்ச நேரம்தான். (எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா?) அதனால் வீட்டுக்கு வீடு தொட்டி கட்டினார்கள். தொட்டியைப் பரணில் வைக்கிற வழக்கம் ஊன்றிவிட்டது. பின்னால் நாள் முழுக்கத் தண்ணீர் வந்தபோதும் அந்த வழக்கம் போகவில்லை. 1962-63 குளிர்காலம், இங்கிலாந்தில் 1740-க்கு அப்புறம் வந்த மிகக் கொடிய குளிர். பரண் தொட்டிகளும் வெளிச்சுவரில் ஓடின குழாய்களும் உறைந்து, வாரக்கணக்கில் தண்ணீர் லாரி தெருத்தெருவாகப் போனது.

இன்னொரு வேடிக்கை. 1970-களில் எண்ணெய் விலை ஏறியதும் எரிபொருளை மிச்சம் பிடிக்க எல்லாரும் பரண் தரையில் இன்சுலேஷன் போட ஆரம்பித்தார்கள். 1978-ல் பிரிட்டிஷ் அரசு அதற்கு மானியம் கொடுக்கத் தனிச் சட்டமே போட்டது. நல்ல காரியம்தான். வீடு சூடாக இருந்தது. ஆனால் அதுவரைக்கும் கீழிருந்து கசிந்துபோன சூட்டில்தான் பரணே பிழைத்துக்கொண்டிருந்தது! இன்சுலேஷன் போட்டதும் பரண் முன்னைவிட ஜில்லிட்டது, அங்கே இருந்த தொட்டியும் குழாயும் உறையத் தயாரானது. அதனால்தான் இன்றைக்கும் அங்கே ஒரு விதி சொல்வார்கள்: பரண் முழுக்க இன்சுலேஷன் போடு, தொட்டிக்கு நேர்க்கீழே மட்டும் போடாதே. தொட்டிக்கு மேலேயும் பக்கத்திலேயும் சுற்று. கீழிருந்து வருகிற கொஞ்ச சூடு அதற்கு வேணும்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. ஏன்னா நான் செய்தது இதற்கு நேர்மாறு. இந்த ஊர் வீடுகளுக்கு நிலவறை கிடையாது. கான்கிரீட் தளத்தின் மேல் அப்படியே வீடு. அதனால் நிறைய வீடுகளில் தண்ணீர் பைப் பரண் வழியாகத்தான் போகும். பைப் பரண் தரையை ஒட்டி, இன்சுலேஷன் பஞ்சுக்குக் கீழே கிடக்கும் வரைக்கும் வீட்டுச் சூட்டில் பத்திரமாக இருக்கும். 2019-ல் நான் பெட்டி, கொலு பொம்மை எல்லாம் வைக்கப் பரணில் பலகை அடித்தேன். பலகை உட்கார இடைஞ்சலாக இருந்த பஞ்சைக் கையால் ஓரமாகத் தள்ளிவிட்டேன். அதில் ஒரு பைப் வெளியே தெரிந்தது. பார்த்தேன். ஒண்ணும் தோணவில்லை. மகள் ரூமுக்கு நேர் மேலே.

வீடு கட்டினவனைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு, திட்டவேண்டிய ஆள் கண்ணாடியில் தெரிந்தான்.

எங்கே உறைகிறது, எங்கே உடைகிறது

ரொம்ப காலமாக ஒரு நம்பிக்கை: ஐஸ் விரிகிறது, அந்த இடத்தில் பைப் பக்கவாட்டில் பிளக்கிறது. இலினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் கட்டிட ஆராய்ச்சிப் பிரிவில் 1990-களில் இதை முறையாக ஆராய்ந்தார்கள். சூடு இல்லாத பரணில் பைப்பை ஓடவிட்டு, உறைய வைத்து, அழுத்தத்தை அளந்தார்கள். 1996-ல் அந்த அறிக்கை வந்தது.

அதில் தெரிந்தது இதுதான். பைப்பில் ஒரு இடத்தில் ஐஸ் அடைப்பு உண்டாகிறது. அது வளர வளர, அடைப்புக்கும் மூடின குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீரை நெருக்குகிறது. தெருப் பக்கம் இருக்கிற தண்ணீருக்குக் கவலை இல்லை, அது பின்னால் நகர்ந்துகொள்ளும். வீட்டுப் பக்கம் மாட்டினதுக்குப் போக இடமில்லை. சாதாரணமாக சதுர அங்குலத்துக்கு 40 முதல் 80 பவுண்டு இருக்கிற அழுத்தம் ஆயிரக்கணக்கில் ஏறுகிறது. எந்த இடம் பலவீனமோ அங்கே வெடிக்கிறது. பல நேரம் அந்த இடத்தில் ஐஸே இருக்காது!

குழாயைச் சொட்ட விடுவது ஏன் என்பதும் இதில்தான் புரிந்தது. ஓடுகிற தண்ணீர் உறையாது என்பதால் மட்டும் இல்லை. உள்ளே ஐஸ் வந்தாலும் நெருக்கப்பட்ட தண்ணீர் வெளியேற ஒரு வாசல் திறந்திருக்கும். அழுத்தம் ஏறாது. ஆனால் எந்த பைப் உறையுமோ அந்த பைப்பின் கடைசிக் குழாய் திறந்திருக்கணும். நான் திறந்தது சமையலறைக் குழாய். உறைந்தது பாத்ரூம் லைன். கதவைத் திறந்து வைத்தேன், ஆனால் வேறு வீட்டுக் கதவை.

உறையும்போதே பைப் விரிசல் விட்டுவிடும். ஆனால் உள்ளே ஐஸ் அடைத்திருப்பதால் ஒழுகாது. இளகும்போதுதான் தெரியும். வெயில் வந்த நாளில் எங்கள் கூரை விழுந்ததன் ரகசியம் இதுதான். 2010 டிசம்பரில் வட அயர்லாந்தில் மைனஸ் 18 வரைக்கும் போன குளிரில் கட்டின ஐஸ், கிறிஸ்துமஸ் முடிந்து இளகியபோது, வீடுகளிலும் மூடிக் கிடந்த கடைகளிலும் உடைந்த பைப் எல்லாம் ஒரே நேரத்தில் கொட்ட ஆரம்பித்தது. ஊர்த்தொட்டிகள் வற்றிப்போய், ஆயிரக்கணக்கான வீடுகளுக்கு நாள்கணக்கில் தண்ணீர் இல்லை. தண்ணீர்த் துறையின் தலைமை அதிகாரி 2011 ஜனவரியில் பதவி விலகினார். ஒரு வீட்டுப் பரணில் உடைகிற பைப் அந்த வீட்டுப் பிரச்சினை மட்டும் இல்லை.

இலினாய்ஸ் ஆராய்ச்சியில் வந்த இன்னொரு முக்கியமான எண்: 20 டிகிரி பாரன்ஹீட், அதாவது மைனஸ் 7 செல்சியஸ். சூடில்லாத பரணில் பாதுகாப்பில்லாமல் கிடக்கிற பைப்புக்கு வெளியே இந்த அளவு வந்தால் ஆபத்து ஆரம்பம். காற்று வேறு புகுந்தால் இன்னும் சீக்கிரம்.

சொன்னவர்களும் மறந்தவர்களும்

இப்போது பெரியவர் சொன்ன 1983-க்கு வருகிறேன். அந்த டிசம்பரில் டாலஸில் தொடர்ந்து 295 மணி நேரம் உறைநிலைக்குக் கீழே இருந்தது. பன்னிரண்டு நாள். அவர் வீட்டில் அப்போதுதான் உடைந்தது. ஆறே வருஷத்தில், 1989 டிசம்பரில், திரும்ப வந்தது. டாலஸில் மைனஸ் 1 பாரன்ஹீட், கடலோர ஹூஸ்டனில் 7. அப்போதே கரண்டும் முறை வைத்து நிறுத்தினார்கள். அதற்கும் முன்னால், 1899 பிப்ரவரியில் டாலஸில் மைனஸ் 8. ஆக, "இந்த ஊரில் இப்படி வந்ததே இல்லை" என்று 2021-ல் எல்லாரும் சொன்னது நிஜம் இல்லை. வந்திருக்கிறது. வந்ததை மறந்துவிட்டோம்.

பைப் அதிகம் உடைவது உலகத்திலேயே குளிரான ஊரில் இல்லை. குளிர் எப்போதாவது வருகிற ஊரில். தினமும் குளிர்கிற ஊரில் அது பழக்கம், சமையல் மாதிரி. ஜப்பானின் வடக்குத் தீவு ஹொக்கைடோவில் வீட்டுக்கு வீடு ஒரு வால்வு இருக்கிறது. குளிர் அதிகமாகும் இரவில், அல்லது வெளியூர் போகும்போது, அதைத் திருப்பினால் பைப்பில் இருக்கிற தண்ணீர் முழுக்க நிலத்துக்கடியில் வடிந்துவிடும். காலையில் திரும்பத் திருப்பினால் தண்ணீர் வரும். மிஸுநுகி என்று பேர், தண்ணீரை எடுத்துவிடுதல் என்று அர்த்தம். மைனஸ் 4 செல்சியஸுக்குக் கீழே போகும்னு தெரிந்தால் செய்துவிடுவார்கள். நாம் ராத்திரி கேஸ் மூடுகிற மாதிரி.

அமெரிக்காவின் குளிர் ஊர்களிலும் தெருவோரத் தீயணைப்புக் குழாயில் இதே யுக்திதான். வால்வு உறையாத ஆழத்தில் இருக்கும், மேலே இருக்கிற தண்டு காலி. வெளிச்சுவர்க் குழாயிலும் நீளமான தண்டு வைத்து, வால்வைச் சூடான சுவருக்கு உள்ளே தள்ளிவிட்டார்கள். (ஆனால் தோட்டத்து ஹோஸைக் கழற்றாமல் விட்டால் தண்ணீர் வடியாது, அந்தக் குழாயும் உடையும். இதுவும் எனக்கு அனுபவம்!)

யோசித்துப் பாருங்கள். வைக்கோல் சுற்று, ஆழமாகப் புதை, சூட்டுக்குப் பக்கத்தில் வை, முடியாவிட்டால் வடித்துவிடு. இந்த நாலும்தான் மொத்த வித்தையே. வைக்கோலுக்குப் பதில் ஃபோம் உறை வந்தது. கரண்டில் சூடாகிற ஹீட் டேப் வந்தது. 1960-களின் கடைசியில் ஜெர்மனியில் தாமஸ் எங்கல் கண்டுபிடித்த ஒரு வகை பிளாஸ்டிக் குழாய், பெக்ஸ் என்பார்கள், கொஞ்சம் விரிந்து கொடுக்கும். அதனால் செப்பைவிடப் பிழைக்கும். ஆனால் அதன் இணைப்புகள் உடையலாம். புதுசு எதுவும் பழைய நாலு பாடத்தை மாற்றவில்லை.

2021-ல் ஹீட் டேப் வைத்திருந்தவர்களுக்கும் அது உதவவில்லை, ஏன்னா கரண்டே இல்லை. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் இருட்டில். முழு மாநிலத்தின் மின்சாரமும் அடியோடு சரிய 4 நிமிடம் 37 வினாடிதான் பாக்கி இருந்தது என்று அப்புறம் சொன்னார்கள். எல்லாரும் குழாயைச் சொட்ட விட்டதாலும், உடைந்த பைப்புகள் கொட்டியதாலும் ஊர்த்தண்ணீரின் அழுத்தம் விழுந்தது. ஹூஸ்டன் மேயர், பைப்பைக் காப்பாற்ற என்று தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். சரியான அறிவுரையே தப்பாகிப்போன நேரம் அது. அப்போது மிச்சம் இருந்த ஒரே வழி, ஹொக்கைடோ வழி. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிப் பக்கம் நின்று சொன்ன அதே வழி.

மாநில அரசின் கணக்கில் அந்தப் புயலில் 246 பேர் இறந்தார்கள். நிறைய பேர் வீட்டுக்குள்ளேயே, குளிரில். அதற்கு முன்னால் என் கூரை ஒரு விஷயமே இல்லை. இருந்தாலும் அந்தக் கட்டிலை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

இப்போது என்ன செய்கிறேன்

வெள்ளிக்கிழமை தண்ணீரை நிறுத்தினதும் வீட்டில் குடிக்க, புழங்க இருந்தது அம்மா சொல்லி நிரப்பின அந்த ரெண்டு பக்கெட்டும் குக்கரும்தான். பிளம்பர் கிடைக்க பத்து நாள் ஆனது. டாய்லெட்டுக்கு நிழலில் மிச்சம் கிடந்த பனியை அள்ளி வந்து உருக்கினோம். அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "குழந்தை நல்லா இருக்காளா?"ன்னு மட்டும் கேட்டாள்.

பஞ்சை பைப் மேல் திரும்பப் போட்டாயிற்று. பலகையைக் கழற்றி, கொலு பொம்மையை அலமாரிக்கு மாற்றியாயிற்று. கராஜ் பைப்புக்கு ஃபோம் உறை. முன்னறிவிப்பில் 20 டிகிரிக்குக் கீழே என்று வந்தால், முதல் வேலையாகச் சாமானில் தண்ணீர் பிடித்து வைக்கிறோம். ஹோஸைக் கழற்றுகிறோம். கராஜ் கதவை மூடி வைக்கிறோம். சிங்க்குக்குக் கீழே இருக்கிற அலமாரிக் கதவைத் திறந்து வைத்து வீட்டுச் சூட்டை உள்ளே விடுகிறோம். கரண்ட் இருந்தால் கடைசிக் குழாய்களைச் சொட்ட விடுகிறோம், சுடுதண்ணீர்ப் பக்கமும் சேர்த்து. கரண்ட் போய்விட்டால் யோசனையே இல்லை. மெயின் வால்வை மூடு, உயரத்தில் இருக்கிற குழாயிலிருந்து தாழ்ந்த குழாய் வரை எல்லாவற்றையும் திற, வடித்துவிடு. டாய்லெட்டை ஒரு தடவை அமுக்கு. கேஸ் ஹீட்டரை அணை, கரண்ட் ஹீட்டர் என்றால் அதன் சுவிட்சை நிறுத்து.

பைப் உறைந்துவிட்டால்? முதலில் மெயினை மூடணும், அந்த லைனின் குழாயைத் திறந்து வைக்கணும், அப்புறம் ஹேர் டிரையரால் மெதுவாக, குழாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்துச் சூடு காட்டணும். தீயைக் காட்டவே கூடாது. புதன்கிழமை நான் மெயினை மூடியிருந்தால், வெள்ளிக்கிழமை மகள் ரூமில் கால் வாளித் தண்ணீர் விழுந்திருக்கும். அவ்வளவுதான்.

பெரியவர் 2023-ல் வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குக் குடிபோனார். போகும்போது அந்த நீளச் சாவியை என்னிடம் கொடுத்தார். 2024 ஜனவரியில் திரும்ப 20-க்குக் கீழே போனது. அவர் வீட்டுக்குப் புதுசாக வந்திருப்பவர்கள் நம்ம பக்கத்துக் குடும்பம்தான், சென்னையிலிருந்து நேரே வந்தவர்கள், கைக்குழந்தையோடு. அன்று சாயங்காலம் அவரைக் கூட்டிக்கொண்டு போய், மீட்டர் பெட்டியைத் திறந்து காட்டி, சாவியை அவர் கையில் கொடுத்துத் திருப்பச் சொன்னேன். "எதுக்கு சார் இவ்வளவு? டெக்சஸ்தானே?" என்று கேட்டார்.

"2021," என்றேன். அப்புறம் அது போதாதுன்னு தோணி, உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன்.

குளிர் எப்போதாவது வருகிற ஊரில் இருக்கிற நண்பர்களே, இந்தப் பதிவைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு வேலை. எழுந்து போய் உங்கள் வீட்டு மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் காட்டுங்கள். கண்டுபிடித்தவர்கள் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், எனக்கும் ஒரு திருப்தி.

அடுத்த பதிவில் சந்திப்போம்.